மூன்று குட்டு, ஐம்பது மீற்றர்

“கும்பிடாதேங்கோ அண்ணை! கும்பிடாதேங்கோ!”

போன ஞாயிறு காலை, வேலணைப் பக்கம் ஒரு பிள்ளையார் கோயில் வாசலில், ஸ்கூட்டியில் இருந்தபடி இப்படிக் கத்தியது நான்தான். பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயர்கூட எட்டிப் பார்த்தார். ஒரு அம்மா கேட்டே விட்டார் — “ஆற்ற பிள்ளையடி இது?”

அம்மா, நான் நாரந்தனைப் பிள்ளை. சாமி இல்லை என்று சொல்ல வரவில்லை. சைக்கிள் ஓட்டப் போட்டிக்கு வந்தனான்.

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் தீவுப்பகுதியில் நடக்கும் போட்டி இது. ஒரே நாள், ஒரே ஓட்டம். ஊர்காவற்றுறை இறங்குதுறையில் தொடக்கம். நாரந்தனை, வேலணை, பிறகு கடலுக்கு நடுவே மேட்டு வீதியாக நீளும் தாம்போதி, அதைத் தாண்டினால் புங்குடுதீவு. அங்கே இறுப்பிட்டியில் ஒரு தார்ப் பீப்பாயைச் சுற்றித் திரும்பி, வந்த வழியே இறங்குதுறைக்கு.

என் வியாதி உங்களுக்குத் தெரியும்தானே? எதைப் பிடித்தாலும் விசர் பிடித்த மாதிரித்தான் பிடிப்பேன். போன வருடம் தேனீ. இந்த வருடம் சைக்கிள். ஆறு மாதமாக ஐரோப்பாவின் ஒருநாள் போட்டிகளைப் போனில் பார்த்துத் தள்ளினேன். பார்த்துக் கண்டுபிடித்த உண்மை இதுதான்: சைக்கிள் போட்டியில் எதிரி மனிதன் இல்லை. காற்று! முன்னுக்குப் போகிறவர் காற்றை முகத்தில் வாங்குகிறார். பின்னுக்கு ஒட்டிக்கொண்டு வருகிறவர் சும்மா வருகிறார். அதனால் ஒவ்வொரு அணியிலும் ஒரு தலைவன், அவனுக்காகக் காற்றை வாங்கி வாங்கிச் சாகிற நாலைந்து பேர். தலைவன் கடைசியில் வெளியே வந்து பாய்ந்து, படம் எடுத்து, முத்தம் வாங்கிப் போய்விடுவான். காற்று வாங்கியவர்களின் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

இவ்வளவு தெரிந்த பிறகு ஒருத்தியால் சும்மா இருக்க ஏலுமா? எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு நானே வியூக வகுப்பாளர் ஆனேன். யாரும் நியமிக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

எங்கள் தலைவன் குகன் அண்ணை. வேலை — வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீற்றர் பார்ப்பது. தீவில் உள்ள நாய்கள் எல்லாவற்றுக்கும் அவரைத் தெரியும். உங்களுடைய பயிற்சியாளர் யார் என்று கேட்டால், கூச்சப்படாமல் அந்த நாய்களைத்தான் சொல்வார்.

நாலு வருடம் ஓடி, நாலு தடவையும் இரண்டாம் இடம். நாலு தடவையும் முதலாவது ஒரே ஆள் — இறுப்பிட்டி சசி அண்ணை. சீமெந்துக் கடை முதலாளி. சுவிசில் இருக்கும் தமையன் அனுப்பிய கார்பன் சைக்கிள். ஒரு விரலில் தூக்கலாம். தூக்கிக் காட்டுவார்... கேட்காமலே.

இது போதாதென்று, சசி அண்ணை கட்டியிருப்பது குகன் அண்ணையின் தங்கச்சியை. அந்த வசந்தி அக்கா வீட்டு விறாந்தையில் ஒரு கண்ணாடி அலுமாரி. உள்ளே நாலு கிண்ணங்கள். நேர் எதிரே ஒரு கதிரை. குகன் அண்ணை போனால் அந்தக் கதிரைதான். “இரும் மச்சான், தேத்தண்ணி குடியும்.” குடிக்கலாம். எந்தப் பக்கம் பார்த்துக் குடிப்பது?

இந்த வருடம் குகன் அண்ணைக்கு முப்பத்தொன்பது. நாற்பது ஆகிவிட்டால் மூத்தோர் பிரிவு. எங்கள் போட்டியில் மூத்தோருக்கு என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா? மெதுவான சைக்கிள் ஓட்டம். காலை நிலத்தில் வைக்காமல் யார் கடைசியாக வருகிறாரோ அவருக்குப் பரிசு!

அதனால் இந்த முறை விட்டால் இல்லை. போட்டிக்கு ஒரு மாதம் முன்னம் மீற்றர் பார்க்க வந்தவர், பார்த்துவிட்டுப் போகாமல் எங்கள் வீட்டு வாசல் படலையில் நின்றார்.

“பிள்ளை, ஒருக்கா. ஒரேயொருக்கா அந்தக் கதிரையில இருந்து நிம்மதியா தேத்தண்ணி குடிக்கோணும். என்ன செய்யலாம்?”

பழைய போட்டி வீடியோக்களை எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கிடைத்தது ஒரு புதையல். சசி அண்ணை பெரிய பிள்ளையார் பக்தர். கோயிலைக் கண்டால் ஹாண்டிலை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் நெற்றியில் மூன்று குட்டு. சைக்கிள் உருண்டுகொண்டுதான் இருக்கும். ஆனால் மிதிப்பது நின்றுவிடும். அந்த மூன்று குட்டு நேரத்தில் ஐம்பது மீற்றர் எடுக்கலாம்!

“பிள்ளையாரிட்டயே விளையாட்டோ?” என்றார் குகன் அண்ணை.

“மனசுக்குள்ள கும்பிடுங்கோ அண்ணை.”

“அது அவருக்குக் கேக்குமோ?”

மீற்றர்ப் புத்தகத்தின் ஓரத்தில் ஏதோ கணக்குப் போட்டார். “சரி. போகேக்க ஆறு குட்டு குட்டுறன். மூண்டு, வரேக்கக்கு அட்வான்ஸ்.”

ஐரோப்பாவில் எந்த அணி இவ்வளவு நுணுக்கமாகத் திட்டம் போட்டிருக்கும், சொல்லுங்கள்?

ஞாயிறு வந்தது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றும் வந்தது. ஐரோப்பாவில் அணிக்குப் பின்னால் கார் வரும். எங்களுக்கு என் ஸ்கூட்டி — முன் கூடையில் இரண்டு சீப்பு வாழைப்பழம், ஆறு போத்தல் தண்ணீர். போகும்போது வேலணையில் குகன் அண்ணை சொன்னபடியே ஆறு குட்டுக் குட்டினார்; தாம்போதியில் காற்று முகத்தில் அறைந்தது. எங்கள் பக்கம் காற்று வாங்குவதற்கு இரண்டு பொடியன்களை ஒழுங்கு செய்திருந்தேன். பாதித் தாம்போதியில் ஒருவனுக்கு ரயர் போய்விட்டது. மற்றவனும் அவனோடு நின்றுவிட்டான்.

“நீ ஏனடா நிண்டனி?”

“சித்தப்பான்ர மகன் அக்கா. விட்டுட்டு வரேலுமே?”

வியூகத்தில் நான் சித்தப்பாவைச் சேர்க்கவில்லை.

இறுப்பிட்டி அணிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவர்களுக்குக் காற்று வாங்க அன்ரன் இருந்தார். சசி அண்ணையின் கடையில் வேலை. கிழமை நாட்களில் சீமெந்து மூட்டை இழுப்பார். போட்டி நாளில் முதலாளியை இழுப்பார். போக ஒரு தாம்போதி, வர ஒரு தாம்போதி — முழுக்க அன்ரன்தான் முன்னுக்கு. அவருடைய முதுகுக்குப் பின்னால் சசி அண்ணை. அந்தக் கார்பன் சைக்கிளுக்குப் பின்னால், ஓசியில், எங்கள் குகன் அண்ணை. மற்றவர்கள் எல்லாரும் எங்கோ தூரத்தில்.

திரும்பும் வழியில் மூன்று பேரும் வேலணை வளைவுக்கு வந்தார்கள். பிள்ளையார் கோயில். பூசை மணி வேறு அடிக்கிறது. சசி அண்ணை ஹாண்டிலை விட்டார். குகன் அண்ணை சீற்றில் இருந்து எழும்பினார். இப்போது... இப்போது...

கை தானாக மேலே போனது!

அப்போதுதான் நான் கத்தினேன். என்ன பயன்? அது முப்பத்தொன்பது வருடக் கை. அட்வான்ஸ் கட்டியது அதற்குத் தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று... மச்சானும் மச்சானும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே தாளத்தில் குட்டினார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கத்தி முடித்த கையோடு நானும் ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன்.

நிமிர்ந்து பார்த்தால், ஐம்பது மீற்றர் விழுந்திருந்தது. எடுத்தது அன்ரன்!

அன்ரன் ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கர். கோயிலைக் கண்டு மரியாதையாகத் தலையைக் குனிந்தார். மிதிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. வேறொன்றும் செய்யவில்லை, பாவம். திரும்பிப் பார்த்து, ஒருத்தரையும் காணாமல் பயந்தே போனார்.

“முதலாளி, நிக்கட்டே?”

“நிக்காத! போடா!” என்றார் சசி அண்ணை.

இதுதான் வியூகம். என்னுடைய வியூகம் இல்லை, ஐரோப்பாவின் அசல் வியூகம். தன் அணியில் ஒருவன் முன்னால் ஓடிவிட்டால், தலைவன் துரத்தத் தேவையில்லை. எதிரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு களைப்பு ஆறலாம். துரத்த வேண்டியது எதிரியின் பாடு.

“மச்சான், கொஞ்சம் முன்னுக்கு வந்து இழுமன்,” என்றார் குகன் அண்ணை.

“நான் ஏன் இழுக்கோணும்? முன்னுக்குப் போறது என்ர ஆள்.”

“அப்ப சும்மாவே வரப்போறீர்?”

“ஓம். நல்ல நிழலாத்தான் இருக்கு. மச்சான், இண்டைக்குப் பின்னேரம் வீட்ட வாரும், என்ன? தேத்தண்ணி குடிக்கலாம்.”

குகன் அண்ணையின் காது சிவந்ததை நான் ஸ்கூட்டியில் இருந்தே பார்த்தேன். மிதித்தார். பக்கக் காற்று தள்ளத் தள்ள, ஒட்டுண்ணி மாதிரி ஒட்டிய சசி அண்ணையைச் சுமந்துகொண்டு, தனியாக மிதித்தார். நான் நீட்டிய வாழைப்பழத்தைக்கூட வாங்கவில்லை. அன்ரன் தூரத்தில் ஒரு புள்ளி. முடிவுக்கு இன்னும் இரண்டு கிலோமீற்றர்கூட இல்லை. அன்ரனைப் பிடித்தாலும் கடைசியில் பாயப்போவது சசி அண்ணைதான். அலுமாரியில் ஐந்தாவது கிண்ணம் எந்த இடத்தில் வரும் என்றுகூட எனக்குக் கண்ணில் தெரிந்தது.

அந்தப் புள்ளி திடீரென்று பெரிதாகத் தொடங்கியது.

ஏனென்றால் அது நின்றிருந்தது! வீதியோரம் ஒரு மாதா சொரூபம். அதன் முன்னால் அன்ரனின் சைக்கிள் மதிலில் சாய்ந்திருந்தது. அன்ரன் முதுகுப் பக்கப் பொக்கற்றில் கையை விட்டு, வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் இருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்தார். பிறகு நெருப்புப்பெட்டி. குச்சியைத் தட்டினார். அணைந்தது. இன்னொன்று தட்டினார். அணைந்தது. சோளகம் எங்கே விட்டது?

“டேய் அன்ரன்! என்னடா செய்யிறாய்? ஏறடா சைக்கிளில!”

“ஒரு நிமிசம் முதலாளி. பத்துதில்லை.”

சசி அண்ணை என்ன செய்திருக்க வேண்டும்? குகன் அண்ணையின் பின்னாலேயே போயிருக்க வேண்டும். கடைசி நூறு மீற்றரில் பாய்ந்து முந்தியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவர் ஒரு முதலாளி. வேலை நேரத்தில் ஆள் வேலையை விட்டுவிட்டு நின்றால், ஏசாமல் கடந்து போக அவருக்கு ஏலாது. இருபது வருடப் பழக்கம். பிறேக்கைப் பிடித்தார். இறங்கினார். தொடங்கினார்.

குகன் அண்ணையும் மிதிப்பதை நிறுத்திவிட்டார்!

“என்னண்ணை செய்யிறியள்? போங்கோ!”

“அவன் கும்பிடுறான் பிள்ளை. கும்பிடுறவனை முந்திறது சரியில்லை.”

பிள்ளையார் கோயில் வாசலில் பாய ஒத்துக்கொண்ட அதே மனிதர். நான் ஸ்கூட்டியைக் கொண்டுபோய் அவருக்குப் பக்கத்தில் விட்டேன்.

“அன்ரன் அண்ணை கும்பிடுறார், சரி. சசி அண்ணை ஏசுறார். ஏசுறவரை முந்தலாம்!”

அவருக்கு அது நியாயம் என்று பட்டிருக்க வேண்டும். எழும்பி மிதித்தார். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க நாய் ஒன்றாலும் ஏலாது.

இறங்குதுறையில் சனம் கத்திய கத்தலில் படகுக்காரர்கள் எழும்பி நின்றார்கள். குகன் அண்ணை கையை உயர்த்தவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சைக்கிளைப் போட்டுவிட்டு, நிலத்தில் இருந்து, ஒரு போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். நனைந்த முகத்தில் எது தண்ணீர் என்று நான் பார்க்கவில்லை.

சசி அண்ணை இரண்டாவது. அன்ரன் மூன்றாவது — வந்தவர்களில் ஆகப் பெரிய சிரிப்போடு வந்தவரும் அவர்தான். என்னால் பொறுக்க ஏலாமல் போய்க் கேட்டேன்.

“வெண்ட பிறகு கொளுத்தியிருக்கலாமே அண்ணை?”

“வெண்டா கொளுத்துறன் எண்டு நான் நேர்த்தி வைக்கேல்லை தங்கச்சி. ஒரு நாளாவது முன்னுக்குத் தனிய ஓடினா எண்டுதான் நேர்ந்தனான். மூண்டு வருசமா மெழுகுதிரியோடதான் ஓடுறன். பின்னால வந்து பிடிச்சுப்போட்டினம் எண்டால், பேந்து என்னண்டு கொளுத்திறது? முன்னுக்கு நிக்கேக்கயே கொளுத்தோணுமெல்லே?”

 

“கடைசியில பத்தினதோ?”

“பத்தினது. முதலாளி கையால மறைப்புப் பிடிச்சவர்.”

ஏசிக்கொண்டேதானாம். ஒரு கையில்லை, இரண்டு கையும் குவித்து, திரி பற்றும்வரை குனிந்து நின்றாராம். மூன்று வருடம் அன்ரன் அவருக்காகக் காற்றை வாங்கினார். அன்றைக்கு ஒரு நிமிடம், அவர் அன்ரனுக்காக வாங்கினார். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு கிண்ணம் போனது. நான் பார்த்த அத்தனை ஐரோப்பிய வீடியோக்களிலும் ஒரு தலைவன் இப்படித் தோற்றதை நான் காணவில்லை. அவர் காதில் விழாது என்ற தைரியத்தில் சொல்கிறேன் — சசி அண்ணையை எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது.

பின்னேரம் குகன் அண்ணை கிண்ணத்தை ஒரு ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு இறுப்பிட்டிக்குப் போனார். சாட்சிக்கு நானும் போனேன். அதே கதிரை. இருந்தார். வசந்தி அக்கா பையைத் திறந்து பார்த்து, கண்ணைத் துடைத்து, கிண்ணத்தையும் துடைத்து, அலுமாரியைத் திறந்து நாலுக்கும் நடுவில் வைத்துப் பூட்டினார்.

“எடி, அது என்ர கப்!”

“உன்ர வீட்டில எங்க வைப்பாய் அண்ணை? மீற்றர்ப் பெட்டிக்கு மேலயோ? இஞ்ச இருக்கட்டும்.”

குகன் அண்ணை அலுமாரியைப் பார்த்தார். தேத்தண்ணியைப் பார்த்தார். மெதுவாக ஒரு வாய் குடித்தார். ஆறு மாதத்தில் நான் போட்ட எந்த வியூகமும் இவ்வளவு நல்லாய் முடிந்ததில்லை.

சசி அண்ணை எதிரில் இருந்து சிரித்தார். “மச்சான், அடுத்த வருசம் மெதுவா ஓடுற போட்டிக்கும் கப் குடுக்கினமாம். அலுமாரியில இன்னும் இடம் கிடக்கு.”

குகன் அண்ணை என்னைப் பார்த்தார். பயப்பட வேண்டாம் அண்ணை, அந்தப் போட்டிக்கு வியூகமே தேவையில்லை... வழியில் இரண்டு கோயில் இருந்தால் போதும்.