புரட்டாசியில் ஒரு மீன் விருந்து

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை மதியம். இடம், தர்மபுரி பைபாஸில் அப்போதுதான் திறந்திருந்த ஷாப்பிங் மால். அதன் மேல்மாடியில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற ஒரு மீன் உணவகம் இருக்கிறது. அங்கேதான் என் மகளின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

நாங்கள் காரிமங்கலத்துக்காரர்கள். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். என் கணவருக்குக் கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது, அதைவிடக் கொஞ்சம் அதிகமாக வாய் இருக்கிறது. எங்களுக்கு ஒரே மகள், பெங்களூரில் வேலை. தன்னோடு வேலை பார்க்கிற ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று ஒருநாள் வந்து சொன்னாள். பையனுக்கு ராமநாதபுரம் பக்கம் ஒரு கடலோர ஊர். அப்பாவுக்குச் சொந்தமாகப் படகு இருக்கிறதாம். சாதியும் வேறு, பழக்கவழக்கமும் வேறு.

என் மகள் சொல்லாமல் கொள்ளாமல் போகிற ரகம் இல்லை. "ரெண்டு வூட்லயும் மனசார ஒத்துக்கிட்டாத்தான் கல்யாணம். இல்லாட்டி வேணாம்மா. ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் சொல்லாதீங்க" என்று முடித்துவிட்டாள். பையனும் அவன் வீட்டில் இதையே சொல்லியிருந்தான். அடம் பிடித்திருந்தால் நாலு நாள் சண்டை போட்டு ஓய்ந்திருக்கலாம். இப்படிப் பொறுப்பை நம் தலையில் வைத்துவிட்டால் என்ன செய்வது? ஒரு வருடம் இழுத்தடித்தோம். பையனிடம் போனில் பேசிய பிறகு எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. பங்காளிகளின் முணுமுணுப்பைத் தாண்டி என் கணவரும் மெல்ல இறங்கி வந்தார். கடைசியில், பெரியவர்கள் நேரில் சந்தித்துப் பேசலாம் என்று முடிவாயிற்று.

எங்கே சந்திப்பது என்பதுதான் அடுத்த குழப்பம். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசும்போது ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபி, பலகாரத்தோடு எழுந்துவிடுவார்கள். இலையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர்களைக் காபியோடு அனுப்பினால் நன்றாக இருக்காது. சாப்பிடச் சொல்லி அவர்கள் மறுத்துவிட்டாலோ, தெருவே அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் பொதுவாக ஒரு ஹோட்டலில் சந்திக்கலாம் என்றார் என் கணவர். அதுவரை சரி. எந்த ஹோட்டல் என்பதில்தான் அவருடைய மூளை வேலை செய்தது.

"கடலோரத்துக்காரங்க. மீனு இல்லாட்டி அவங்களுக்குச் சோறு எறங்காது. மால்ல பெரிய மீன் ஓட்டல் வந்திருக்குதில்ல, அங்க கூட்டிட்டுப் போய் அசத்திப்புடலாம்" என்றார்.

"புரட்டாசிங்க" என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. முட்டைகூட உள்ளே வராது.

"ஒரு வேளைதான? பெருமாளு ஒண்ணும் கோவிச்சிக்க மாட்டாரு. அவங்க முன்னாடி நாம சாப்புடாம உக்காந்திருந்தா, சாதி பாக்கறாங்கன்னு நெனச்சிக்க மாட்டாங்களா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மகளுக்காக ஒரு வேளை விரதத்தை விடுவது என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்டோம்.

பையனும் அவன் அப்பா அம்மாவும் முதல் நாளே கிளம்பி வந்து, தர்மபுரியில் லாட்ஜில் தங்கிக் குளித்துவிட்டு மாலுக்கு வந்தார்கள். நாங்கள் மகளோடு போயிருந்தோம். பையனின் அப்பா அதிகம் பேசாத மனிதர். வெயிலில் காய்ந்த முகம், வெள்ளை வேட்டி சட்டை. அம்மா பட்டுப்புடவையில், கையில் ஒரு ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டியோடு வந்தார். எஸ்கலேட்டரில் ஏற எனக்குப் பயம். அந்த அம்மாளுக்கும் பயம். இருவரும் பேசாமல் லிஃப்டில் ஏறிப் போனோம். அப்போதே எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துவிட்டது.

உணவகத்துக்குள் ஏசி குளிர். சுவரெல்லாம் மீன் படம், மேலே வலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உட்கார்ந்ததும் பரிமாறுகிற பையன் ஒருவன் வந்து எல்லோர் கழுத்திலும் சிறுபிள்ளைகளுக்குக் கட்டுவதுபோல ஒரு துணியைக் கட்டிவிட்டான். நண்டு சாப்பிட்டால் சட்டையில் தெறிக்குமாம். அதில் அச்சடித்திருந்த ஒரு நண்டு கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு நண்டை உடைக்க ஆளுக்கொரு குட்டிச் சுத்தியல். அதற்கடுத்து ஒரு தட்டில் ஐஸ் பரப்பி முழு மீன்களை அடுக்கிக்கொண்டு வந்து, எது வேண்டும் என்று கேட்டார்கள். பையனின் அப்பா அந்தத் தட்டை ஒருமுறை பார்த்தார். என் கணவர்தான் சந்தையில் மாட்டைப் பார்த்து வாங்குகிறவர் மாதிரி, இது ஒன்று, அது ஒன்று என்று பெரிதாகப் பார்த்துக் கைகாட்டினார். வறுவல், குழம்பு, நண்டு, இறால் என்று மேசை நிறைந்துவிட்டது.

எல்லோர் தட்டிலும் பரிமாறிவிட்டுப் போனார்கள். நான் ஒரு துண்டு வஞ்சிரத்தைப் பிய்த்துக் கையில் எடுத்தேன். வாய்வரை கொண்டுபோக முடியவில்லை. இத்தனை வருடப் பழக்கம். காலையில் விளக்கேற்றிக் கும்பிட்ட பெருமாள் கண் முன்னால் வந்து நின்றார். மெதுவாக அந்தத் துண்டைச் சோற்றுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பக்கத்தில் பார்த்தால், பெருமாளுக்காக அத்தனை நியாயம் பேசிய மனிதர் வெறும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

சரி, அவர்களாவது சாப்பிடட்டும் என்று எதிரே பார்த்தேன். எனக்குத் திக்கென்றது. அந்த அம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மீன் வைத்தது வைத்தபடி இருந்தது. பையனின் அப்பா தண்ணீர் குடித்தார், மறுபடியும் தண்ணீர் குடித்தார். கடலோரத்து மனிதர், மீனைத் தொடவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தேன். கை நனைக்க அவர்களுக்கு விருப்பமில்லை. சம்பந்தத்தில் இஷ்டமில்லை. பிள்ளை கட்டாயப்படுத்தியதால் வந்திருக்கிறார்கள், முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குகிறார்கள். என் மகளைப் பார்த்தேன். அவளும் நாலு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. "வேற யாரையும் கட்டிக்கச் சொல்லாதீங்க" என்று அவள் சொன்னது காதில் ஒலித்தது.

பேச்சு மழையைப் பற்றிப் போயிற்று, மாங்காய் விளைச்சலைப் பற்றிப் போயிற்று, டீசல் விலையைப் பற்றிப் போயிற்று. கல்யாணத்தின் பக்கம் மட்டும் வரவில்லை. நடுவில் அந்தப் பரிமாறுகிற பையன் வேறு, "டேஸ்ட் எப்படி சார் இருக்கு? ஏதாவது கம்ப்ளைன்டா மேடம்?" என்று வந்து வந்து கேட்டான். பாவம், கழுத்தில் நண்டுத் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு மேசையே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் அவனுக்கும் பயம் வராதா?

திடீரென்று அந்த அம்மாள் கழுத்துத் துணியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். என்னை நேராகப் பார்த்தார். குரல் லேசாக நடுங்கியது.

"ஒன்னு கேக்குறேன், தப்பா எடுத்துக்கிடாதீக. எங்ககூட உக்காந்து சாப்பிட ஒங்களுக்கு மனசு வரலையா?"

பையன், "அம்மா!" என்றான். அவர் கண்டுகொள்ளவில்லை. "இல்ல, வந்ததுலேருந்து பாக்குறேன், நீங்க ரெண்டு பேரும் ஒரு வாய் வைக்கல. எங்களை வித்தியாசமா நெனச்சா இப்பவே சொல்லிருங்க. பிள்ளைகளை ஆசை காட்டிப் பிரிக்கக் கூடாதுல்ல?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. புரட்டாசிங்க! நாங்க இந்த மாசம் கவிச்சி தொடறதில்ல" என்றேன்.

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். "வெரதம்னா யாராச்சும் மீன் கடைக்குக் கூப்பிடுவாகளா?"

என் கணவரின் பக்கம் கையைக் காட்டினேன். அவர் நண்டுத் துணியோடு தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு நானும் துணிந்து கேட்டேன். "நீங்களும் ஒண்ணும் தொடலீங்களே. எங்க பொண்ணப் புடிக்கலீங்களா?"

இப்போது பையனின் அப்பா முதன்முறையாகச் சிரித்தார். பரிமாறுகிற பையன் பக்கத்தில் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பொண்ணு தங்கம்மா. இந்த மீனுதான்... ஐஸ்ல எத்தனை நாள் கெடந்துச்சோ. நாங்க காலையில கரைக்கு வந்ததை மதியம் சாப்பிடுற ஆளுக, எங்களுக்கு இது எறங்காது. அய்யா ஆசை ஆசையா வாங்கி வைக்கிறாக, வேணாமுன்னு எப்படிச் சொல்ல?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மீன் உணவகத்தில், மேசை நிறைய மீனை வைத்துக்கொண்டு, மரியாதைக்காக நாலு பேர் பட்டினி! பரிமாறுகிற பையனும் நிம்மதியாகி, எல்லாவற்றையும் பார்சல் கட்டிக் கொடுத்தான். அதை வண்டியில் பின் சீட்டில் உட்கார்ந்து என் மகளும் மாப்பிள்ளைப் பையனும் தின்று தீர்த்தார்கள். அவர்களுக்குப் புரட்டாசியும் கிடையாது, ஐஸும் கிடையாது.

ஆனால் அதற்கு முன்பு, மாலிலிருந்து வெளியே வந்ததும் அந்த அம்மாள் கேட்ட ஒரு கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "பசி உசிரு போகுது. ஒங்க வீட்ல என்ன இருக்கு?"

நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலையில் வைத்த கொள்ளுக் குழம்பும் கீரைக் கடைசலும் இருக்கிறது, களி மட்டும் கிண்டினால் போதும் என்றேன். "அது போதும், வாங்க போவோம்" என்று அவரே முன்னால் நடந்தார்.

வழியெல்லாம் எனக்கு உள்ளுக்குள் உதறல். அவர்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. தெரியாமல் சாப்பிட வைத்துவிட்டு, பிற்பாடு "நீங்கதான் கை நனைச்சீங்களே" என்று சொல்வது ஏமாற்று வேலை இல்லையா? வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சமையலறைக்கு வந்து, "சொல்லிப்புடு. அப்பறம் அவங்க இஷ்டம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய மீன் ஹோட்டலை நான் மன்னித்துவிட்டேன்.

ராகிக் களியைக் கிளறி உருட்டி எடுத்து வந்தேன். என் மகளைத் தவிர எல்லோரும் தரையில் பந்தியாக உட்கார்ந்திருந்தார்கள். இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாயிற்று. களியை வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே சொன்னேன். "எங்க பக்கம் ஒரு வழக்கம்ங்க. பேச்சு முடியறதுக்கு முன்னாடி பொண்ணு வூட்ல சோறு சாப்புட்டா, சம்மதம்னு அர்த்தம். நீங்க தெரியாம..."

அவர் என்னை முடிக்க விடவில்லை. "எங்க பக்கம் மட்டும் என்ன வேறயா? தெரிஞ்சுதான் கேட்டேன். களியை வைங்க சம்மந்தி."

என் கணவர் எழுந்து கொல்லைப்புறம் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். என் மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் களியை வைத்தேன். அவர்கள் அதை மென்று மென்று பார்த்துவிட்டுத் திணறினார்கள். மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே முழுங்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். தை மாதத்தில் கல்யாணம் நடந்தது.

அன்று அந்த அம்மாள் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால், நாங்கள் நாலு பெரியவர்களும் சிரித்த முகத்தோடு கும்பிட்டுப் பிரிந்திருப்போம், இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கை அந்த மேசையிலேயே முடிந்திருக்கும். அதிலிருந்து யாராவது என் எதிரில் முகம் வாடி உட்கார்ந்திருந்தால், நானாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வதை விட்டுவிட்டு, குரல் நடுங்கினாலும் பரவாயில்லை என்று அவர்களிடமே கேட்டுவிடுகிறேன்.