துடைத்து வைத்த இரண்டு தோட்டங்கள்

தேவிகுளத்தில் தேயிலை மண்ணோடு நெடுங்காலம் கழித்தபின், மண் பரிசோதனை அலுவலராக எருத்தேன்பதிப் பக்கம் மாற்றலாகி வந்தேன். முதல் வாரத்திலேயே நாச்சிமுத்து என்ற திராட்சை விவசாயி கிருஷி பவன் என்னும் எங்கள் வேளாண் அலுவலகத்துக்கு வந்து, தம் மண் செத்துவிட்டதென்று ஒரு ரிப்போர்ட் எழுதித் தரும்படி கேட்டார். மறுநாள் செங்கல் சூளைக்காரர் வந்து மேல்மண்ணை வெட்டிச் செல்ல ஏற்பாடாகியிருந்தது. கொடிகளைப் பிடுங்க அவர் மனைவி சரஸ்வதி சம்மதிக்கவில்லை; மனைவியின் வாயை அடைக்கவே அரசாங்கக் காகிதம் தேவைப்பட்டது.

மண்ணுக்கு மரணச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் எனக்கில்லை என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியுடன் அவரோடு புறப்பட்டேன்.

நாச்சிமுத்துவின் பந்தலுக்கடியில் ஒரு புல் இல்லை. களைக்கொல்லி அடித்தடித்துத் தரை சிமெண்டுத் தளம்போல் இறுகியிருந்தது. பாய்ச்சிய நீர் இறங்காமல் நின்றது. அப்பால் தம்பி கனகராஜின் தோட்டம். அங்கே ‘இயற்கைத் திராட்சை’ என்றொரு பலகை. சுற்றுலாக்காரர்கள் படமெடுத்துக்கொள்ள ஓர் ஊஞ்சல். கனகராஜ் அழையாமலே வந்து சேர்ந்தார்.

“பாத்தீங்களா சார், எங்கண்ணன் பூமிக்கே விஷம் வெச்சுப்போட்டாருங்க. நம்முளுது பூரா சாணி கரைச்ச ஜீவாமிர்தமுங்க.”

“களைக்கு என்ன பண்றீங்க?”

“வாரம் தவறாம பவர் டில்லர் ஓட்டிருவனுங்க. தரை கண்ணாடியாட்டம் இருக்கோணும்.”

“நோய்க்கு?”

“துரிசும் சுண்ணாம்புந்தானுங்க. அது இயற்கைதானுங்களே? மழைக்காலத்துல கொஞ்சம் தாராளமா அடிப்பமுங்க.”

துரிசு என்னும் மயில்துத்தத்திலுள்ள செம்பு மண்ணைவிட்டுப் போகாது, சேரச்சேர மண்புழுவுக்கு ஆகாது என்றேன். பலகையில் எழுதியதைப் படிக்காதது மண்புழுவின் குற்றம் என்பதுபோல் அவர் முகம் போயிற்று.

அவர் தோட்டத்தில் வெட்டினேன். மேலே மாவுபோன்ற புழுதி. ஒரு சாண் ஆழத்தில் மண்வெட்டி ணங்கென்றது. டில்லர் ஓடியோடி அடிமண் தகடாகியிருந்தது. வேர்கள் அதில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. அண்ணன் மருந்தாலும் தம்பி இரும்பாலும் ஒரே கட்டாந்தரையை உண்டாக்கியிருந்தனர்.

“ரெண்டு பேரும் ஏன் இப்படித் தொடச்சு வெச்சிருக்கீங்க?”

“புல்லு நின்னா சோம்பேறிம்பாங்க சார்,” என்றார் அண்ணன். “ஆமாங்க,” என்றார் தம்பி.

“ஊட்டுல ஒரு தட்டத்தைத் தொடைக்க மாட்டாங்க சார்,” என்றார் பின்னால் வந்து நின்ற சரஸ்வதி. “தோட்டத்தைத்தான் தொடைப்பாங்க.”

இருவருக்கும் நடுவில், யார் பங்கு என்ற தகராறினால் எவரும் தொடாத ஒரு பட்டை நிலம் புல் மண்டிக் கிடந்தது. அங்கும் வெட்டினேன். மண் கறுத்துப் பொலபொலவென்று வந்தது, மண்புழுக்கள் நெளிந்தன. சரஸ்வதி ஒரு கைப்பிடி அள்ளிக் கணவரின் உள்ளங்கையில் வைத்தார்.

“இதையுந்தான் லாரியில ஏத்துவீங்களா?”

நாச்சிமுத்து அதை நசுக்கி நசுக்கிப் பார்த்தார். பிறகு சூளைக்காரரைப் போனில் அழைத்தார்.

“வண்டி வேண்டாமுங்க. இல்லீங்க, வெலைக்காகச் சொல்லலீங்க. பூமி இன்னும் சாகலையாமா.”

நாச்சிமுத்து களைக்கொல்லியைக் கைவிட்டார். புல்லை வெட்டி அங்கேயே மூடாக்காகப் போட்டார். ரசாயன உரத்தை அடியோடு நிறுத்தவில்லை, பரிசோதித்துக் குறைத்தார். சில மழைக்காலங்கள் சென்றபின் நீர் இறங்கியது, கொடியும் தளிர்த்தது. ஊரார் அவரைச் சோம்பேறி என்கிறார்கள். கனகராஜ் இன்றும் டில்லர் ஓட்டுகிறார். ஊஞ்சலுக்குக் கூட்டம் குறையவில்லை.

இளைய அலுவலர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இயற்கையா ரசாயனமா என்று கேட்கும் முன் ஒரு குழி வெட்டிப் பாருங்கள். அதில் கிடைக்கும் விடை பெரும்பாலும் இரு கட்சியாருக்கும் பிடிக்காது.