போய்விட்ட பாதிப் பக்கம்

காபி வேண்டுமா என்று கேட்டால்கூட, நாங்கள் பஃபர் என்று கூப்பிடும் சக ஊழியர் முதலில் துண்டுத்தாளில் எழுதிப் பார்ப்பார். "வேண்டாம்" என்று எழுதி அடித்துவிட்டு, "அரை கப்" என்று எழுதி, பிறகுதான் வாயைத் திறப்பார். அதற்குள் காபி ஆறிவிடும். சர்வரிலிருந்து வலைப்பக்கங்களை அனுப்பும் ஜாவா சர்வ்லெட் நிரல் எழுதுவதில் எங்கள் அலுவலகத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பேச வைப்பதற்குள்தான் நமக்குத் தலை நரைத்துவிடும்.

பட்டப்பெயர் அவரே தேடிக்கொண்டது. நான் எழுதிய வலைப்பக்கம் ஒன்று திரையில் பாதியில் நின்றபோது எழுந்துவந்தார். "சர்வர் எழுதுறதெல்லாம் மொதல்ல பஃபர்ங்கிற தற்காலிக இடத்துல நிக்குங்க. நிக்கிற வரைக்கும் அழிக்கலாம், வேற பக்கத்துக்கு ஃபார்வர்டு பண்ணலாம். பாக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ரொம்பி வெளிய போயிடுச்சுன்னா அவ்ளோதான். அப்புறம் ஃபார்வர்டு பண்ணா சர்வர் கத்தும்." சொல்லிவிட்டு என் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

எதையும் எழுதிப் பார்த்துவிட்டே பேசுவதன் காரணத்தை ஒருநாள் மதிய இடைவேளையில் சொன்னார். பழைய வேலையில், ஒரு மருத்துவமனைக்காகப் பரிசோதனை முடிவு காட்டும் பக்கம் எழுதியிருக்கிறார். முடிவு மோசமென்றால் அதைக் காட்டாமல், 'மருத்துவரை நேரில் பாருங்கள்' என்ற பக்கத்துக்கு ஃபார்வர்டு செய்ய வேண்டும். பக்கம் சட்டென்று தெரியட்டுமே என்று, எழுதிய ஒவ்வொரு வரியையும் பஃபரில் நிற்கவிடாமல் உடனுக்குடன் அனுப்பவைத்தார். முடிவு மோசமா என்று பார்க்கும் வரியோ கடைசியில் இருந்தது. அதற்குள் மேல்வரிகள் வெளியே போய்விட்டதால் ஃபார்வர்டு தோற்றது. அந்த முடிவை வீட்டில் தன்னந்தனியாகப் பார்த்தவர் இவருடைய சொந்த அக்கா. நோயின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

அக்கா பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்றுவரை எந்தக் கடிதத்தையும் தனியாகப் பிரிப்பதில்லை. அந்தப் பக்கத்தை எழுதியது யாரென்றும் அவருக்குத் தெரியாது. "எந்தப் புண்ணியவான் எழுதுனானோ! நீ எழுதியிருந்தா இப்படி ஆகியிருக்குமாடா?" என்று இவரிடமே கேட்டிருக்கிறார். அப்போது தலையை மட்டும் ஆட்டினாராம். எனக்குப் பஃபர்மேல் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

நேற்று மத்தியானம் அக்காவின் அழைப்பு. பஃபர் அவசரமாகத் துண்டுத்தாளை இழுத்து, "அக்கா, அதை எழுதினது நான்தான்" என்று எழுதினார். அடிக்கவில்லை. போனை எடுத்தார்.

"சாப்பிட்டியாக்கா?"

பேசிக்கொண்டே தாளை நான்காக மடித்து, இதேபோல் மடித்த தாள்களால் ஏற்கெனவே புடைத்திருந்த சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.