பின்பக்கத்துச் சின்னக் கதவு

என் வேலை என்ன என்று உறவினர்கள் கேட்டால், "மெஷினுக்குப் புத்தி சொல்ற வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கினால் கேட்டவர் காபி ஆறிவிடும். தொழிற்சாலையில் எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது ஓடவே கூடாது என்று புரோகிராம் எழுதி, கண்ட்ரோல் பேனலில் ஏற்றி, ஓட்டிக் காட்டிவிட்டு வருவது என் பிழைப்பு. லீட் இன்ஜினியர் என்று பெயர். எழுதுவதில் பாதிக்கு மேல், ஓடக் கூடாத நேரங்களைப் பற்றியது. முதலாளிகளுக்கு அந்தப் பாதியைப் பிடிப்பதில்லை.

அரியக்குடி தாண்டி ஒரு மசாலாத் தொழிற்சாலை. புதிதாகக் கலவை இயந்திரம் வாங்கியிருந்தார்கள். ஆளுயரத் தொட்டி, உள்ளே முறுக்குப் போல வளைந்த இரும்புத் தகடு சுற்றும். மேலே ஒரு மூடி, பின்பக்கம் சுத்தம் செய்ய ஒரு சின்னக் கதவு. இரண்டில் எது திறந்திருந்தாலும் அங்கே இருக்கும் ஸ்விட்ச் சொல்லிவிடும், மோட்டார் ஓடாது. அந்த வாரம் முழுக்கப் பின்கதவு ஸ்விட்ச் உயிரை வாங்கியது. மிளகாய்த் தூள் உள்ளே ஏறி, மூடிய கதவைத் திறந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம், தும்மிக்கொண்டே, தூள் புகாத புது ஸ்விட்ச் மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை துவக்க விழா. பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம், அதற்குள் முதலாளி பொத்தானை அமுக்கிவிட வேண்டும். வலையபட்டியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து நாற்காலிகளை நிறைத்திருந்தார்கள். முதலாளியின் மனைவிக்கு ஐம்பது வயதிருக்கும். தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் ஆச்சிதான், எனக்கும். புது இயந்திரத்துக்கு வீட்டுப் பெண் கையால் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம் என்று கிண்ணத்தோடு வந்தார். தொட்டிக்கு வைத்தார், மோட்டாருக்கு வைத்தார், என் லேப்டாப்புக்கும் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். பேனலின் தொடுதிரையிலும் ஒரு பொட்டு வைத்தார். ஈரச் சந்தனத்தை விரல் என்று நினைத்துத் திரை வேறு பக்கத்துக்குத் தாவியது. நான் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டேன். ஆச்சியின் முகம் வாடியது.

தேங்காய் உடைத்து, சூடம் காட்டி முடித்தபோது பத்தேகால். முதலாளி கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினார். இயந்திரம் அசையவில்லை. திரையில் சிவப்பு எழுத்து: பின்கதவு திறந்திருக்கிறது.

தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தார். "மூடித்தான் இருக்கு முதலாளி. புது ஸ்விட்சும் போச்சு போல."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "மேடம், கதவு மூடியிருக்குன்னு கம்ப்யூட்டர்ல போட்டு விட்டா ஓடிரும்ல? நேத்து அப்படித்தான ஓட்டிப் பாத்தீக?"

ஓடிவிடும். அதற்குப் பெயர் ஃபோர்ஸ். திறந்த கதவை மூடிய கதவு என்று இயந்திரத்தை நம்பவைக்க ஒரு சொடுக்குப் போதும். முந்தைய நாள் சோதனையில் நான் அதைச் செய்ததை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருந்தார். இதையெல்லாம் முதலாளிகள் முன்னால் செய்யவே கூடாது.

"நேத்து கதவுக்குப் பக்கத்துல ஆளை நிறுத்தி வச்சு ஓட்டினேன் சார். ஒருதடவை போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்."

"இப்பப் போய்ப் பாத்துக்கிட்டு இருந்தா ராகுகாலம் வந்துரும். போட்டு விடுங்க மேடம். நான் பொறுப்பு."

இந்த "நான் பொறுப்பு" நான் போகிற தொழிற்சாலையிலெல்லாம் கேட்கிற வசனம். சொல்கிறவர் கை என்றைக்கும் பொத்தான் பக்கம்தான் இருக்கும், சுற்றுகிற தகட்டுப் பக்கம் இருக்காது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். "இதென்ன இம்புட்டுப் பிடிவாதம்?" என்று அவர் சொந்தக்காரர்களிடம் சொன்னது, எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னதுதான்.

தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற இடம். மல்லி மூட்டைகளைத் தாண்டித் திரும்பினேன். ஆச்சி அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. வளையல்களை மேலே ஏற்றிவிட்டு, வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டிருந்தார். சந்தனக் கிண்ணம் தரையில் இருந்தது.

"ஆச்சி, கையை வெளிய எடுங்க."

அவர் நிதானமாக எடுத்தார். "அந்தத் தகட்டுக்கு ஒரு பொட்டு வச்சேன். வெளிய வச்சா நீங்க தொடச்சிர்றீக. உள்ளன்னா யாரும் தொட மாட்டாகல்ல?"

பயந்துபோனேன் என்பதைத் தவிர அந்த நிமிடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மல்லி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மேடம், இன்னுமா..." என்று கேட்டுக்கொண்டே முதலாளி வந்தார். திறந்த கதவைப் பார்த்தார். மனைவியின் கையைப் பார்த்தார். முழங்கை வரை சந்தனமும் கிரீசும் அப்பியிருந்தது. பத்தரை எப்போது தாண்டியது என்று எனக்குத் தெரியாது.

உணவுப் பொருள் ஓடுகிற இயந்திரம், குங்குமத்தோடு விட முடியாது. மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, தகட்டைக் கழுவச் சொன்னேன். ஆச்சி மறுக்காமல் தானே ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார். திரையின் ஓரச் சட்டத்தில், தொடுதலுக்குப் படாத இடத்தில், ஒரு பொட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன். அது இன்னும் அங்கே இருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் முடிந்ததும் மறுபடி எல்லோரும் பேனல் முன்னால் கூடினோம். திரையில் சிவப்பு இல்லை. முதலாளி பொத்தான் வரை விரலைக் கொண்டுபோய், இழுத்துக்கொண்டார். கூட்டத்தில் மனைவியைத் தேடினார்.

"இங்குட்டு வா."

ஆச்சி பக்கத்தில் வந்து நின்றார்.

"கையைக் காட்டு."

எதற்கு என்று புரியாமல் அவர் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார். முதலாளி அவற்றைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அமுக்கினார்.