உவிலுக்கின் ஐம்பது வயது மகன்

உவிலுக்குக்கு வயது இருபத்தேழு. அவள் மகன் கமானிக்குக்கு ஐம்பது. வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் இதற்கு யாரும் சிரிப்பதில்லை. கமானிக்கின் அம்மா இறந்த மாதம் இவள் பிறந்தாள், அந்த அம்மாவின் பெயரையே வைத்தார்கள். பெயர் வந்தால் ஆளும் வந்தாயிற்று. ஒவ்வொரு பருவத்திலும் அவன் பிடிக்கும் முதல் மீன், முதல் கடல்நாயின் ஈரல் எல்லாம் இவள் வீட்டுக்குத்தான் போகும்.

அவள் ஊருக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறாள். ஏரியில் பிடித்து வந்து வீட்டுத் தொட்டிகளை நிரப்ப வேண்டும். என் வீடு கடைசி. வழியில் பனி வாத்துக் கூட்டம் இறங்கினால் நின்று பார்ப்பாள், லெமிங் எலி குறுக்கே ஓடினால் அது போகும்வரை காத்திருப்பாள். முகம் கழுவாமல் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேட்டால், "இந்தத் தீவுலயே பெரிய மரம் உன் கணுக்கால் உசரம். நீ குளிக்காட்டி எந்த மரம் வாடப்போகுது?" என்பாள்.

ஜூன் வந்தது. சூரியன் மறைவதை நிறுத்தியது. பாறைச் சுவர்களில் கடற்பறவைகள் முட்டைக்குச் சண்டை போட்டன. கடல்பனியின் விளிம்புக்குக் கொம்புத் திமிங்கிலங்கள் வந்துவிட்டதாகச் செய்தி. ஆனால் முனையருகே நீரோட்டம் பனியை அடியிலிருந்து தின்றுகொண்டிருந்தது. கரையிலிருந்து காற்று கிளம்பினால் பனி உடைந்து ஆளோடு கடலுக்குப் போய்விடும். பல வருடங்களுக்கு முன், உவிலுக் பிறப்பதற்கும் முன்பு, கமானிக்கின் அண்ணன் அப்படித்தான் போனான்.

கமானிக்கின் மனைவி தைனா லாரியை மறித்தாள்.

"அத்தை, அவரு திமிங்கில வேட்டைக்குக் கிளம்பிட்டாரு. நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா அவரு காதுல போட்டுக்கவே மாட்டேங்குறாரு."

உவிலுக் லாரியைக் கொண்டுபோய் அவனுடைய பனிவண்டிக்குக் குறுக்கே நிறுத்தினாள்.

"போகாதே."

"காத்தே இல்லம்மா. திமிங்கிலத் தோல் தின்னு நாளாச்சுன்னு நேத்து நீதானே கேட்டே?"

"நேத்து நாக்கு கேட்டுச்சு. இப்ப அம்மா சொல்றேன். இறங்குடா."

ஐம்பது வயது ஆள் இறங்கினான். வேட்டைக்குக் கிளம்பி நின்ற மற்ற வண்டிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பால் குடிச்சுட்டு மெதுவா வாங்கண்ணே!"

அவர்கள் போனார்கள். திமிங்கிலத்தோடு திரும்பியும் வந்தார்கள். பனியில் ஒரு கீறல்கூட விழவில்லை. பிறகு ஊர் முழுக்க இதே பேச்சு. கமானிக் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. உவிலுக்கோ வாத்துக்கும் எலிக்கும் லாரியை நிறுத்தாமல் வேலை பார்த்தாள். என் தொட்டி நேரத்துக்கு நிரம்பியது. அவள் எவ்வளவு நொந்துபோயிருக்கிறாள் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

ஒருநாள் அவள் என் வீட்டுத் தொட்டிக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கமானிக் வந்தான். ஊர்ப் பங்காக அவனுக்குக் கிடைத்த திமிங்கிலத் தோல் கையில் இருந்தது. முதல் துண்டை வெட்டி அவளிடம் நீட்டினான். அவள் அதை வாயில் போட்டுக்கொண்டு, "கோவமாடா?" என்றாள்.

"இருந்துச்சு." கத்தியைத் துடைத்தான். "அண்ணன் கிளம்பினப்ப நீ வாசல்ல சும்மா நின்னு பார்த்துட்டே இருந்தே. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லலையேன்னு சாகுறவரைக்கும் அழுதே. இந்தத் தடவை நீ சொல்லிட்டேம்மா. இனிமே அழாதே."

அவள் குழாயை மூட மறந்தாள். அப்படியே நின்றாள். தொட்டி நிரம்பி என் வாசலெல்லாம் தண்ணீர் ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.