மூன்றாவது வளைவில் சுழன்ற கார்

இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர் அவர். ஒரு காலையில் கிடங்கு வாசலில் அவருக்கு வலிப்பு வந்தது. நல்லவேளை, வண்டி நின்றுகொண்டிருந்தது. அடுத்த ஆறு மாதத்தில் இன்னும் இரண்டு முறை வந்தது. பிறகு மாத்திரைக்குக் கட்டுப்பட்டு வலிப்பு நின்றது. ஆனால் டாக்டர், இனி லாரியை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அதே கிடங்கில் உள்ளே வரும் வண்டிகளுக்குச் சீட்டுப் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். அடுத்தவன் ரிவர்ஸ் எடுக்கத் திணறும்போதெல்லாம் இவருக்குக் கால் தானாக பிரேக் மிதிக்கும்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. திரை வெளிச்சம் அவருக்கு வலிப்பைத் தூண்டாது என்று டாக்டரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, கார் ரேஸ் கேமும் அதற்கான ஸ்டீயரிங்கும் பெடலும் வாங்கி வந்தாள்.

"வீட்டுக்குள்ளயே ஓட்டுங்க. இங்க யாரும் லைசென்ஸ் கேக்க மாட்டாங்க."

"பொம்மைக் காரா?" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டவர், ஒரே வாரத்தில் சாப்பாட்டுக்கு நாலு முறை கூப்பிட வேண்டிய ஆளானார். சனிக்கிழமை மாலைகளில் பன்னிரண்டு பேர் அவரவர் வீட்டிலிருந்தே ஆன்லைனில் கூடி ரேஸ் ஓட்டும் ஒரு குழுவில் சேர்ந்தார். முடி வெட்டும் கடை வைத்திருக்கும் ஒருவர் அதற்குத் தலைவர். காரின் செட்டப், அதாவது டயர் காற்று, ஸ்பிரிங், காரைத் தரையோடு அழுத்தும் பின்பக்க இறக்கை, முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக் பிரியும் விகிதம் எல்லாம், மனைவியின் பொறுப்பு. அவர் ஓட்டிப் பார்த்துச் சொல்லுவார், அவள் மாற்றி நோட்டில் எழுதுவாள். இரண்டு வருஷம் இப்படித்தான் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து வந்து தனியாக ஓட்டினார். மூன்றாவது வளைவில் கார் பம்பரம் மாதிரி சுழன்று சுவரில் மோதியது. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடிய வளைவு அது. மறுபடி போனார். மறுபடி சுழன்றது. எட்டுச் சுற்றில் ஐந்து முறை.

அவருக்குப் பழைய பயம் வந்துவிட்டது. வளைவுக்கு முன்னால் ஒரு நொடி நினைவு தப்புகிறதோ? எழுந்து போய்க் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார். வலிப்பு வந்தபோதெல்லாம் நாக்கைக் கடித்திருந்தார். இப்போது காயமில்லை. ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஸ்டீயரிங்கின் மேல் ஒரு பழைய தலையணை உறையைப் போட்டு மூடினார். குழுவிலிருந்து வந்த செய்திகளைத் திறக்கவே இல்லை. வீட்டில் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை மனைவி கேட்டாள். "என்ன, மூணு நாளா வண்டிக்கு லீவா?"

"தலைவலி."

"உங்களுக்குத் தலைவலின்னா மாத்திரை தேடுவீங்க. நீங்க என்னைப் பாக்காம சுவரைப் பாக்கறீங்க. சொல்லுங்க."

அவர் சொன்னார். "சீட்டுப் பாக்கற வேலையும் போயிடும். என்னைத் தனியா வெளிய அனுப்ப நீ பயப்படுவ, தனியா இருக்க நான் பயப்படுவேன். மறுபடி அதே கதை."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. தலையணை உறையை எடுத்து மடித்து வைத்தாள். "உக்காருங்க. ஓட்டுங்க. நான் திரையைப் பாக்கப் போறதில்ல, உங்க கண்ணைத்தான் பாக்கப் போறேன்."

திரையை மறைக்காமல் நாற்காலியை அவர் பக்கத்தில் முகம் பார்க்கத் திருப்பிப் போட்டு, முழங்கால் முழங்காலில் இடிக்க உட்கார்ந்தாள். அவர் பத்துச் சுற்று ஓட்டினார். கார் சுழன்றபோதெல்லாம், "இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அவரும் உடனே பதில் சொன்னார். "பிரேக் வெச்சேன், பின்பக்கம் போயிடுச்சு." "இப்பவும் அதேதான்."

பத்தாவது சுற்றில் அவள் சிரித்துவிட்டாள். "ஒரு நொடி கூட நீங்க எங்கயும் போகலைங்க. கண்ணு சிமிட்டுறீங்க, கெட்ட வார்த்தை சொல்றீங்க, நான் கேட்டா பதில் சொல்றீங்க. கோளாறு உங்ககிட்ட இல்ல. கார்கிட்ட."

அவர் நம்பாமல், குழுவில் கேட்டுப் பார்க்க ஹெட்செட்டை மாட்டினார். முடி வெட்டுபவரின் குரல் பிய்த்துக்கொண்டு வந்தது.

"அண்ணே! எங்க போயிட்டீங்க? திங்கக்கிழமை அப்டேட் வந்ததுல இருந்து ஊரே சுத்திட்டு கிடக்கு! டயரையே மாத்திட்டாங்களாம். நேத்து நான் ஆறு தடவை சுவத்துல. பழைய செட்டப் ஒண்ணும் வேலைக்கு ஆகாது. அண்ணிகிட்ட கேட்டுச் சொல்லுங்க!"

அவர் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவும் இல்லை. கேம் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பயந்த மனம் எந்த நாளில் அதையெல்லாம் யோசித்திருக்கிறது!

"எப்படி இருக்கு வண்டி? சரியாச் சொல்லுங்க," என்று மனைவி நோட்டைத் திறந்தாள்.

"காலி லாரி மழை ரோட்டுல பிரேக் போட்டா வால் ஒதுங்குமே, அப்படி."

"அப்போ பிரேக்கை முன் சக்கரத்துப் பக்கம் கொஞ்சம் தள்ளுறேன். வேற எதையும் தொட மாட்டேன். ரெண்டை ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது."

பிரேக்கில் பின்பக்கம் அடங்கியது. ஆனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது வழுக்கியது. பின் இறக்கையை இரண்டு படி உயர்த்தினாள். நேர் பாதையில் வேகம் குறைந்தது, அவர் முனகினார். ஒரு படி இறக்கினாள். பின் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தாள். அது முதலில் சரியாக வரவில்லை, டயர் சூடேறியது, மறுபடி பாதியளவு ஏற்றினாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் மூன்றாவது வளைவில் கார் தண்டவாளத்தில் போவதுபோலப் போனது. அவருடைய பழைய சுற்று நேரத்தைவிட முக்கால் நொடி கூடுதல்தான். ஆனால் சுற்றை முடித்ததும் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஆடாமல் இருந்தன.

அடுத்த வாரம் டாக்டரிடம் போனபோது எல்லாவற்றையும் சொன்னார். மூன்று நாள் மறைத்ததற்குத்தான் அவருக்குத் திட்டு கிடைத்தது. மாத்திரை அளவு மாறவில்லை. வெளியே வந்து பேருந்துக்குக் காத்திருக்கும்போது மனைவியிடம், "சனிக்கிழமை ஏழு மணிக்கு ரேஸ். அன்னிக்கு டூட்டி போட்டுக்காத," என்றார்.

"அடேயப்பா, உத்தரவா?" என்றாள் அவள், லீவு கேட்க போனை எடுத்தபடியே.