மேசைக்கு அடியில் காலைச் சாப்பாடு

முட்டையை உடைப்பதற்கு முன்னால் அதைக் காதோரம் கொண்டுபோய் ஒரு தடவை ஆட்டிப் பார்க்கிறார். சத்தமில்லை என்றால் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தட்டு. உள்ளே ஏதாவது அலம்பினால் கெட்டது என்று தனியே போய்விடும். "கேட்டா அதுவே சொல்லிடும்க்கா" என்பார் என்னிடம். பால் காய்கிறபோதும் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு வாழைப்பழம் நறுக்கிக்கொண்டிருப்பார். பொங்கப் போகிற நேரத்தில் இடது கை மட்டும் பின்னால் நீண்டு அடுப்பை அணைக்கும். நானும் எத்தனையோ நாள் பார்த்துவிட்டேன், ஒரு நாள் கூட வழிந்ததில்லை.

எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். பழுதான லிஃப்டுகளைச் சரிசெய்வது தொழில். ஓடுகிற லிஃப்டின் முனகலைக் கேட்டே எங்கே என்ன தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மனைவி கூப்பிட்டால் மட்டும் மூன்றாவது தடவைதான் காதில் விழும். ஆள் நல்ல உயரம், கதவு நிலையில் எல்லாம் குனிந்து குனிந்து முதுகே கொஞ்சம் வளைந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி என்கிற முறையில் எனக்கு அவர் தம்பி.

அவர் மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்க விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவதால், சொந்தப் பிள்ளைகள் காலையில் சாப்பிடுகிற அழகைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆகவே காலைச் சாப்பாடு முழுக்க முழுக்க இவர் பொறுப்பு. ஓட்ஸ் கஞ்சி, முட்டை, பழம், வீட்டிலேயே சுட்ட ரொட்டி. பெரியவளுக்கு மஞ்சள் கரு உறைந்திருக்க வேண்டும், சின்னவளுக்கு ஓடவேண்டும். டப்பாவில் வருகிற பொரி வகையறாக்களை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். "டப்பாவக் குலுக்கினா ஒரு சத்தம் வருதுல்ல, அந்தச் சத்தந்தான்க்கா அதுல இருக்கு. வேற ஒண்ணும் இல்ல." என் காலைச் சாப்பாடு ஒரு குவளை காப்பியும் ஒரு பெருமூச்சும் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கும் ஒரு தட்டு வருகிறது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அது மூன்றாவது தடவை வரை அவர் காதில் விழவில்லை.

பள்ளி விடுமுறை தொடங்கினால் பேருந்துக்கும் விடுமுறை. அன்றைக்குத்தான் நான்கு பேரும் சேர்ந்து காலையில் சாப்பிட முடியும். அந்த முதல் நாள் காலையை இந்தக் குடும்பம் கொண்டாடுகிற விதம் வேறெங்கும் நான் கேள்விப்படாதது. மேசைக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

பெரியவளுக்கு மூன்று வயதிருக்கும்போது ஆரம்பித்தது. விடுமுறையின் முதல் நாள், இடி மழை. குழந்தை மேசைக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றுவிட்டாள். கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள். கடைசியில் லிஃப்ட்காரர் ரொட்டித் தட்டோடு உள்ளே நுழைந்துவிட்டார், பின்னாலேயே மனைவியும். மழை விட்ட பிறகும் மூவரும் வெளியே வரவில்லையாம். அடுத்த விடுமுறையில் மழை இல்லை, இடி இல்லை, குழந்தை மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு கீழே போய் உட்கார்ந்து, "வாங்க" என்றிருக்கிறாள். அவ்வளவுதான், அதுவே வழக்கமாகிவிட்டது.

இப்போது அதற்கென்று ஏற்பாடுகளே உண்டு. முந்தின நாள் மாலையே மாவு பிசைந்து மூடிவைத்து, காலையில் ஆளுக்கு இரண்டு பன் சுடுவார். நீலக் கட்டம் போட்ட பழைய படுக்கை விரிப்பு மேசையைச் சுற்றித் தொங்கும். வாசல்போல விட்ட இடத்தில் அவருடைய மஞ்சள் பலகை நிற்கும்: 'வேலை நடைபெறுகிறது'. லிஃப்ட் பழுது பார்க்கும்போது வெளியே நிறுத்துவார்களே, அதேதான். ஒரு வருடம் அந்தப் பலகையை வீட்டுக்குக் கொண்டுவருகிற வழியில் கைப்பேசி அடித்ததால் எங்கள் லிஃப்டின் முன்னால் வைத்துவிட்டுப் பேசப் போனவர் அப்படியே மறந்துபோனார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டை விட்டுவிட்டு மொத்தக் கட்டடமும் அன்று முழுக்கப் படியேறியது. நானும் மூச்சு வாங்க வாங்க ஏறி வந்து, "தம்பி, லிஃப்ட் எப்ப சரியாகும்?" என்று அவரிடமே கேட்டேன். "லிஃப்ட்டா? அதுக்கென்ன?" என்றார்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. உயரம் காரணமாக உள்ளே நுழையும்போதெல்லாம் அவர் தலை மேசைப் பலகையின் அடிப்பக்கத்தில் ஒரே இடத்தில் இடிக்கும். எத்தனை இடித்தாலும் மனிதர் குனிகிற விதத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் ஒரு பஞ்சுத் துண்டை ஒட்டிவிட்டார். உதிரிபாகப் பெட்டியோடு வருகிற சாம்பல் நிறப் பஞ்சு. என் முழங்கால்கள் இதற்கெல்லாம் சம்மதிக்காததால், வாசலோரம் ஒரு குட்டி முக்காலி எனக்கு. அங்கிருந்து எல்லாம் தெரியும்.

இந்த விடுமுறைக்கு ஒரு வாரம் முன்னால் பெரியவள் தோழி ஒருத்தி வந்து தங்கப்போவதாகச் சொன்னாள். பெரியவளுக்கு இப்போது பதின்மூன்று வயதாகிவிட்டது. நான் அங்கே இருந்தபோதுதான் கேட்டாள்.

"அப்பா, இந்தத் தடவ மேல உக்காந்து சாப்பிடலாமா? அவளுக்கு இதெல்லாம் தெரியாது. சிரிப்பா."

"அதுக்கென்ன, மேசைய வாங்கினதே மேல வச்சு சாப்பிடத்தானே" என்றார் லிஃப்ட்காரர், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டு.

விடுமுறைக்கு முந்தின நாள் மாலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையெல்லாம் பசை.

"அக்கா, ஏதாவது எண்ணெய் இருக்கா? மேசையிலயும் பசை போகமாட்டேங்குது."

"என்ன பசை?"

"அந்தப் பஞ்சு. பிச்சு எடுத்துட்டேன். வர்ற பொண்ணு ஸ்பூனைக் கீழ போட்டுக் குனிஞ்சா கண்ணுல படும், என்னன்னு கேக்கும். நம்ம பொண்ணுக்கு வெக்கமாப் போயிடும்ல."

எண்ணெயை வாங்கிக்கொண்டும் போகவில்லை, நின்றார். "பொண்ணு வளர்ந்துட்டா நல்லதுதானேக்கா" என்றார். நல்லதுதான் என்றேன். அவர் முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்வது?

மறுநாள் காலை எல்லோரும் மேசையைச் சுற்றி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். தோழி நல்ல பெண், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். மேசைமேல் புது விரிப்பு, கண்ணாடிக் குவளைகள், துணிக்கடையில் அடுக்கி வைத்ததுபோல எல்லாம் ஒழுங்கு. சின்னவள் மட்டும் உர்ரென்று உட்கார்ந்து, தரைக்கு எட்டாத கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் சொல்லவேண்டாம் என்று அம்மா கண்ணாலேயே எங்களுக்குச் சொன்னாள்.

லிஃப்ட்காரர் சூடான பன்களைப் பரிமாறினார். பெரியவள் தன் பன்னைப் பிய்த்தாள். நடுவில் மாவு, பச்சையாக, விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஓவனிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு பன்னையும் திருப்பி, அடியில் விரலால் தட்டி, காதில் வைத்துக் கேட்பவர் இவர். வெந்திருந்தால் வெற்றுப் பெட்டியைத் தட்டுகிற சத்தம் வரவேண்டும் என்பார். இன்றைக்கு ஒன்றைக் கூட அவர் தட்டவில்லை.

"தட்டிப் பாக்கலையாப்பா?"

"ம்? பாத்தேனே." சொல்லிவிட்டு அவரே தன் பன்னைப் பிய்த்துப் பார்த்தார். "இல்ல போலிருக்கு. மறந்துட்டேன்மா."

மனைவி எல்லாத் தட்டிலிருந்தும் பன்களைப் பொறுக்கி மறுபடி ஓவனில் வைத்தாள். அவர் அதன் முன்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பெரியவள் கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் நீலக் கட்டம் போட்ட விரிப்பு.

"இது எதுக்கு?" என்றாள் தோழி.

"மேசைக்கு அடியில போய் சாப்பிடப் போறோம். லீவு முதல் நாள் எப்பவும் அப்படித்தான். நீ சிரிக்கக் கூடாது."

தோழி சிரித்துவிட்டாள். நன்றாகவே சிரித்தாள்.

பெரியவளுக்குக் காது சிவந்தது. "சரி, சிரிச்சாச்சுல்ல" என்றாள். "இப்ப அந்த முனையப் பிடி."

அதற்குள் சின்னவள் மஞ்சள் பலகையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தேடவே இல்லை. எங்கே இருக்கிறதென்று காலையிலேயே பார்த்துவைத்திருப்பாள் போலும்.

"வேணாம்மா. அஞ்சு பேருக்கு இடம் பத்தாது" என்றார் லிஃப்ட்காரர்.

"கால மடக்கி உக்காருங்க, பத்தும். பன்னைப் பாருங்க முதல்ல" என்றாள் பெரியவள்.

ஓவனைத் திறந்து, ஒரு பன்னை எடுத்துத் திருப்பி அடியில் தட்டினார். காதில் வைத்தார். இன்னொன்று. அதையும் கேட்டார். எல்லாவற்றையும் தட்டித்தான் தட்டில் அடுக்கினார், யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் என் முக்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டேன். சின்னவள் முதலில் நுழைந்தாள், அடுத்து தோழி, அடுத்து அம்மா. பெரியவள் வாசலோரமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நேராக உட்கார முடியாத அளவுக்கு வளர்ந்திருக்கிறாள்.

சாய்ந்த தலையோடு அவள் மேசைப் பலகையின் அடிப்பக்கத்தை நிமிர்ந்து பார்த்தாள். பஞ்சு இருந்த இடத்தில் சதுரமாக எண்ணெய்க் கறை மட்டும் பளபளத்தது. வெளியே அவளுடைய அப்பா இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டார், எப்போதும் குனிகிற அதே விதத்தில் குனிந்தார்.

பெரியவள் கையைத் தூக்கி, அந்தச் சதுரத்தின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டாள். "வாங்கப்பா" என்றாள்.